சேலை கட்டிய பப்பாளி

அத்தான்,

இன்று காலை கொல்லைக் கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வைத்திருக்கும் பப்பாளி பூத்திருக்கிறது. ஆண் மரம். பெண் மரத்தின் பூ தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் போனால்தான் தெரியும். ஆண் மரம் நீண்ட காம்புகளில் சரம் சரமாகப் பூத்துச் சந்து முழுக்க மணக்கும். காய் மட்டும் வைக்காது. நல்ல மணம்தான், பலருக்கும் பிடிக்கும். எனக்கு அது மூக்கில் ஏறியதும் உங்கள் சிரிப்புதான் காதில் விழுந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. இறந்தவரைப் பற்றி நல்லதையே எழுத வேண்டும் என்பது வழக்கம். பத்திரிகை வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வழக்கப்படி எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர்கள், கங்காணிகள், கோயில் நிர்வாகம் பார்த்தவர்கள். உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பொய் எழுத மாட்டேன். உங்களிடம் நல்லது இருந்தது. அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். நீங்கள் குடிக்க மாட்டீர்கள். சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் உங்களை யாரும் பார்த்ததில்லை. பால்வெட்டு ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலையில், விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு உங்கள் ஆட்கள் பிந்தி வந்ததில்லை. அக்காளை நீங்கள் ஒரு நாளும் அடித்ததில்லை. அதை நீங்களே ஊருக்குச் சொல்லிக்கொள்வீர்கள். "நா கை வச்சிருக்கேனா? கேளுங்கய்யா அவள." உண்மைதான். உங்களுக்குக் கை தேவைப்படவில்லை, வாய் இருந்தது.

உங்கள் பெயரைப் போடாமல் எழுதுகிறேன். உங்களுக்குத் தரும் மரியாதை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். "நீங்கள்" என்று எழுதுவதும் பழக்கத்தால்தான். அக்காளைக் கட்டியவரை வேறு எப்படி அழைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்த காலம் அது. செடெனாக் பக்கத்துத் தோட்டங்களில் பாதி ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். அதற்கு ஈடாகவோ என்னவோ, ஆட்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், ரப்பர் மரங்கள் தொடங்கும் வரை கிடந்த துண்டு நிலத்தில் எதையாவது நட்டுக்கொள்ளுங்கள் என்று துரை சொல்லிவிட்டார். ஆளாளுக்கு மரவள்ளியும் கீரையும் போட்டார்கள். அக்காள் பப்பாளி வைத்தாள்.

அவள் அதை எப்படி வளர்த்தாள் என்று நீங்கள் பார்த்ததில்லை. ஜோகூர் மழையைப் பப்பாளி வேர் தாங்காது. அடியில் தண்ணீர் நின்றால் இலை மஞ்சளாகி, தண்டு அழுகி, மரம் தானாகச் சாய்ந்துவிடும். அவள் முதலில் மண்ணை மேடு மேடாகக் குவித்தாள். பழுத்த பழத்தின் விதைகளைச் சாம்பலில் தேய்த்து, வழவழப்பான மேல்தோல் போக உரித்து, நிழலில் உலர்த்தி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் முளைக்க விட்டாள். சாண் உயரம் வந்ததும் மூன்று நல்ல கன்றுகளை எடுத்து மேட்டில் நட்டாள். அடுப்புச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் போட்டாள். பால்வெட்டு முடித்து வந்த கையோடு களை பிடுங்கினாள். பூ வந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு பெண், ஒன்று ஆண் என்று.

அந்த இரண்டு மரங்களும் தண்டைச் சுற்றிக் குலை குலையாகக் காய்த்தன. விருந்தாளிகளுக்குப் பழத்தை நீளமாக நறுக்கித் தட்டில் வைத்து, "நம்ம கொல்லையில காய்ச்சது" என்பீர்கள். பாதியை நீங்களே தின்பீர்கள். ஆனால் அக்காள் தட்டுப் பக்கம் வந்தால் உங்கள் பேச்சு மாறும். "இவளுக்குக் குடுக்காதீங்கய்யா. பப்பாளி சூடு. வயித்துல ஒண்ணும் தங்காது. இருக்கிற லட்சணத்துக்கு அது வேற." கல்யாணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் உங்கள் வீட்டில் குழந்தை இல்லை. அதை மறந்துவிடாதபடி ஊருக்கு நீங்களே நினைவூட்டிக்கொண்டிருந்தீர்கள். அக்காள் அந்த மரங்களை நட்டாள், வளர்த்தாள், பறித்தாள். ஒரு துண்டைக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. ஒருவேளை நீங்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ற பயம். அதை அவள் என்னிடம் வெகு காலம் கழித்துத்தான் சொன்னாள்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நீங்கள் வேறு பெண் பார்த்திருப்பதாகப் பேச்சு வந்தது. அது உண்மையா என்று கேட்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோகூர் பாருவிலிருந்து ரயிலேறி வந்தேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கொல்லையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நீங்கள் அந்த ஆண் மரத்தின் தண்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆண் பப்பாளிக்கு ஆணி அடித்தால் பெண்ணாக மாறிக் காய்க்கும் என்பார்கள். கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருக்கும் மலாய்க்காரர்கள் அதன் இடுப்பில் கைலி கட்டுவார்கள். நம் ஆட்கள் பிள்ளை பெற்றவளின் பழைய சேலையைக் கட்டுவார்கள். இந்த நம்பிக்கையில் கெடுதல் ஒன்றும் இல்லை. நீங்கள் அதை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதுதான் என் வழக்கு.

என்னைக் கண்டதும் சுத்தியலைக் கீழே போட்டீர்கள்.

"வாங்க மச்சான், பேப்பர்காரரே! நல்ல நேரத்துலதான் வந்தீங்க. இத எழுதிப் போடுங்க. நம்ம வீட்ல ரெண்டு ஆம்பளப் பப்பாளி இருக்கு. ஒண்ணு இங்க நிக்குது. இன்னொண்ணு அடுப்படியில நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மண்டோர் சொன்னால் சிரித்துத்தான் ஆக வேண்டும், நாளைக்குப் பால் வெட்ட நீங்கள் நல்ல வரிசை மரம் ஒதுக்க வேண்டுமே. அக்காள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்கும்படிதான் சொன்னீர்கள். சிரிக்காமல் நின்றவள் ஒருத்தி. பக்கத்து வீட்டுச் செல்லம்மா, அக்காளோடு ஒரே வரிசையில் பால் வெட்டுகிறவள், நான்கு பிள்ளைகளின் தாய்.

"சேல வேணும்," என்றீர்கள். "பெத்தவ சேல. செல்லம்மா, பழசு ஒண்ணு கொண்டா."

செல்லம்மா அக்காளை ஒரு முறை பார்த்தாள். உள்ளே போய், பச்சை வெளுத்துப் போன ஒரு சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். அவமானத்தால் குனிகிறாள் என்று நினைத்தேன். நீங்கள் அந்தச் சேலையை மரத்துக்குக் கட்டினீர்கள். கொசுவம் வைத்து, முந்தானை போட்டு, மணப்பெண்ணுக்குக் கட்டுவதுபோல் கட்டினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"மச்சான், நாலு பேரு முன்னால சொல்றேன். இந்த மரம் காய்ச்சா ஒங்கக்கா இங்கயே இருக்கட்டும். நா வேற எங்கயும் போகல. காய்க்கலன்னா, வர்ற தை பொறக்கறதுக்குள்ள நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. சரியா?"

நான் "அத்தான், இது என்ன பேச்சு" என்று தொடங்கினேன். "பேச்சு முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனீர்கள். ஆண் மரம் காய்க்காது என்பது உங்களுக்குத் தெரியும். அனுப்பிவிடும் முடிவு உங்களுடையது. அதைச் சொல்லும் வேலையை மரத்தின் தலையில் கட்டினீர்கள்.

மார்கழியில் மறுபடி வந்தேன். அக்காளை அழைத்துப் போகும்படி ஆகுமோ என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டுதான் வந்தேன். கொல்லையில் முன்பைவிடப் பெரிய கூட்டம். அந்த மரம் காய்த்திருந்தது. சாயம் போன சேலைக்கு மேலே, கயிறு போல் தொங்கிய பூங்காம்புகளின் நுனியில், கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரியதாக, நீண்டு மெலிந்த காய்கள். நானே கையால் தொட்டுப் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிறகு விவசாயம் தெரிந்த ஓர் அதிகாரியிடம் இதைப் பற்றி விசாரித்தேன். சில ஆண் பப்பாளிகள் எப்போதாவது தாமாகவே இப்படிக் காய்ப்பதுண்டு, ஆணிக்கும் சேலைக்கும் இதில் வேலையில்லை என்றார். ஆக, அந்த மரத்துக்கும் அக்காள் வயிற்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. தொடர்பு வைத்தவர் நீங்கள். வைத்த பிறகு அது உங்களுக்கு எதிராகத் திரும்பியது.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "என்ன மண்டோரு, சொன்ன சொல்லு சொல்லுதான? அந்தப் புள்ள இங்கயே இருக்கட்டும்," என்றார். அக்காள் அன்று அடுப்படி வாசலைவிட்டு வெளியே வந்து கொல்லையில் நின்றாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன்.

நீங்கள் அசரவில்லை. "யோவ், காய்க்க வச்சது எது? பெத்தவ சேல. இவளுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? அப்படிப் பாத்தா செல்லம்மாவத்தான் இந்த வீட்ல வச்சுக்கணும். என்ன செல்லம்மா, வர்றியா?"

"நா எதுக்கு வரணும்?" என்றாள் செல்லம்மா. "சேலைக்குச் சொந்தக்காரிதான் ஏற்கெனவே ஒங்க வீட்ல இருக்காங்களே."

"என்ன ஒளர்ற?"

"அது எஞ்சேலன்னு நா சொன்னேனா மண்டோரய்யா? பழசு ஒண்ணு கொண்டான்னீங்க, கொண்டாந்தேன். போன வருஷத் தீவாளிக்கு ஒங்க வீட்டம்மா எனக்குக் குடுத்த சேல அது. அவங்க கட்டிக் கட்டிப் பழசாக்குனது. கட்டுன பொஞ்சாதி சேலய அடையாளம் தெரியாம, ஒங்க கையாலயே கொசுவம் வச்சுக் கட்டுனீங்க. நாங்கதான் பாத்துக்கிட்டு இருந்தோமே!"

"அலமாக்!" என்று யாரோ பின்னாலிருந்து மலாயில் வியந்து கத்தினார்கள். சிரிப்பு வெடித்தது. இந்த முறை யாரும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அளக்கவில்லை. செல்லம்மா அதோடு விடவில்லை.

"ஆம்பள மரத்தயே காய்க்க வச்சிருச்சு அந்தச் சேல. வீட்ல இருக்கிற ஆம்பளயத்தான் காய்க்க வைக்க முடியல. அது சேலக் குத்தமா, மரத்துக் குத்தமா? நீங்களே சொல்லுங்க."

அக்காள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குச் சேலை கட்டும்போது அவள் ஏன் தலை குனிந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் வீட்டுக்குள் போய்ப் பாராங் கத்தியை எடுத்து வந்தீர்கள். பப்பாளித் தண்டின் உள்ளே வெற்றிடம்; வெட்டுவதற்குப் பலம் தேவையில்லை. சேலை கட்டிய மரம் முதலில் விழுந்தது. அதோடு நின்றிருந்தால்கூடக் கோபம் என்று விட்டிருப்பேன். மற்ற இரண்டையும் வெட்டினீர்கள். அவை உங்களுக்கு என்ன செய்தன? பழுக்க இருந்த காய்கள் உடைந்து சிதறின. வெட்டுவாயிலிருந்து பால் வழிந்தது. அக்காள் ஓடிவந்து உங்கள் கையைப் பிடிக்கவில்லை, அழவும் இல்லை. நட்டு வளர்த்தவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"ஒந்தம்பி வந்திருக்கான். மூட்டயக் கட்டு," என்றீர்கள் அவளிடம்.

நான் சொன்னேன்: "அத்தான், மரம் காய்ச்சா அக்கா இருக்கட்டும்னு நீங்கதான் சொன்னீங்க. நாலு பேரு முன்னால சொன்னீங்க."

நீங்கள் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "மரமா? எந்த மரம்? எங்க இருக்கு காட்டு."

என் தொழிலில் நான் பலவிதமான பொய்களைக் கேட்டிருக்கிறேன். விபத்தில் ஆள் செத்த இடத்தில் விபத்தே நடக்கவில்லை என்று சொன்னவர்களோடு பேசியிருக்கிறேன். வெட்டிய மரம் காலடியில் கிடக்க, கையில் வெட்டிய கத்தி இருக்க, எந்த மரம் என்று கேட்ட ஆள் நீங்கள் ஒருவர்தான்.  

செடெனாக் ஸ்டேஷன் வரை நடந்தோம். அக்காளிடம் ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். செல்லம்மா பாதி வழி வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் வாயால்தான் இப்படி ஆயிற்று என்று அவள் புலம்ப, "நீ பேசலன்னாலும் அனுப்பியிருப்பாரு செல்லம்மா. பேசுனதால நா சிரிச்சுட்டுப் போறேன்," என்றாள் அக்காள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூலாய் தாண்டியதும் என்னைக் கேட்டாள்.

"தம்பி, மரம் காய்ச்சுச்சுல்ல?"

"காய்ச்சுச்சுக்கா."

"நீ கண்ணால பாத்தல்ல?"

"தொட்டே பாத்தேன்."

சரி என்று தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் என் வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆனாள் என்று நீங்கள் ஒரு முறைகூட விசாரித்ததில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் கொல்லை சிறியது, களிமண். அதையும் மேடு போட்டுப் பப்பாளி வைத்தாள். முதல் பழம் பழுத்த அன்று அதை நறுக்கி, ஒரு துண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு தின்றாள். "இதுக்கா இவ்வளவு பயந்தேன்," என்றாள்.  புருஷன் எங்கே என்று கேட்ட அண்டை வீட்டாருக்கு அவள் "தோட்டத்துல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் எப்படித் தாழ்ந்தது என்பதைக் கேட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தவன் நான். உங்கள் மேல் எனக்குள்ள கோபம் ஒரு நாளில் வந்ததல்ல. அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தது.

தை முடிவதற்குள் சிம்பாங் ரெங்கம் பெண்ணைக் கட்டிக்கொண்டீர்கள். அக்காளைவிட மிகவும் சின்னவள். அந்த வீட்டிலும் தொட்டில் ஆடவில்லை. தோட்டத்துக்குப் போய் வருகிறவர்கள் சொல்வார்கள், மண்டோர் இப்போதெல்லாம் மரத்தைப் பற்றி வேடிக்கை பேசுவதில்லை என்று. ஆனால் அந்தப் பெண்ணும் தலை குனிந்தே நடக்கிறாள் என்றும் சொன்னார்கள். நீங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் இறந்த செய்தியைக் கொண்டுவந்தது செல்லம்மா. வேலைக்குப் போகாமல் ரயிலேறி வந்திருந்தாள். காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது என்றாள். அக்காள் குழம்புக்குப் பப்பாளிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.  "காரியமெல்லாம் யாரு செஞ்சா?" என்று கேட்டாள். பங்காளி வீட்டுப் பையன் செய்தான் என்றாள் செல்லம்மா.

"சின்னவ ஒரு விஷயம் சொல்லி அனுப்பிச்சுக்கா," என்றாள் பிறகு. "பேப்பர்ல போடணுமாம். தம்பிகிட்டக் கேக்கச் சொல்லுச்சு. 'பெரியவங்க பேரத்தான் முன்னால போடணும், அந்த வீடு அவங்க வீடு'ன்னு சொல்லுச்சு."

நீங்கள் பிடுங்கிக்கொண்ட இடத்தை, உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அந்தச் சின்னப் பெண் திருப்பிக் கொடுத்தாள். உங்களுக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை.

நான் மேசைக்குப் போய் எழுதினேன். உங்கள் பெயர், தோட்டத்தின் பெயர், மண்டோராக இருந்தவர், காய்ச்சலால் காலமானார், இரு மனைவியரும் துயரத்தில் உள்ளனர். நான்கு வரி. ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன். அதில் பொய் ஓர் எழுத்தும் இல்லை.  இத்தனை காலமும் இந்த வரியை எழுதத்தான் காத்திருந்தேன் என்று தோன்றியது.

அக்காளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வாசித்துக் காட்டினேன்.

"என் பேரு வேணாம்," என்றாள். "நா அங்க இல்ல. அவ மட்டுந்தான் இருந்தா. அவ பேரப் போடு." அடித்துத் திருத்தினேன். "கடைசியில என்னமோ படிச்சியே, அத மறுபடி படி."

படித்தேன்.

"அது எதுக்கு?"

"உண்மதானக்கா."

"உண்மதான். ஆனா படிக்கிறவங்க அத யாரு தலையில வைப்பாங்க? அவரு தலையிலயா?"

 செல்லம்மா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு இனிமேத்தான் அங்க நாலு பேரு மத்தியில நடக்கணும்," என்றாள் அக்காள். "அடிச்சிடு தம்பி."

அடித்தேன். அவளுக்காகவும் அந்தச் சின்னவளுக்காகவும் அடித்தேன். உங்களை மன்னித்து அடிக்கவில்லை. அக்காள் உங்களை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை. நான் மன்னிக்கவில்லை.

பத்திரிகையில் உங்களுக்கு நான்கு வரி வந்தது. ஐந்தாவது வரி என்னிடம் இருக்கிறது: இரு முறை மணந்தவர், பிள்ளைகள் இல்லை. உங்கள் பெயர் இல்லாத இந்தக் கடிதத்தில்தான் அதை எழுத முடிகிறது. சின்னவள் உயிரோடு இருக்கும் வரை இந்தக் கடிதம் உங்கள் பெயர் இல்லாமலே என்னிடம் இருக்கட்டும்.